நாலாம் பாரம் வரைக்கும்

பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்.
21 நவம்பர் 1936

அன்புள்ள அய்யனுக்குத் தங்கள் மகள் தெய்வாத்தாள் எழுதிக்கொண்டது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. விடுதிச் சாப்பாட்டிலும் குறையில்லை. குறை வகுப்பில்தான். கடிதம் நீளமாக இருக்கும், அதனால் கிணற்று வேலை முடித்து, சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

இரண்டாம் பாரத்து வகுப்பில் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அய்யா. கணக்கு டீச்சர் கரும்பலகையில் எட்டுக் கணக்கு எழுதுவார். அவர் எட்டாவதை எழுதும்போது நான் ஏழாவதைப் போட்டு முடித்திருப்பேன். போன வருஷம் இதற்குச் சபாஷ் கிடைத்தது. இந்த வருஷம், "முடிச்சுட்டியா? அப்போ மைக்கூட்டுக்கெல்லாம் மை ஊத்து" என்கிறார். வகுப்பில் முப்பத்திரண்டு மைக்கூடுகள். ஐப்பசி மாதம் முழுக்க நான் கற்றது சிந்தாமல் மை ஊற்றுவது.

போன வாரம் மேசைக்கடியில் நாலாம் பாரத்துப் பூகோளப் புத்தகத்தை வைத்துப் படித்துப் பிடிபட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ராமாமணி அம்மாளிடம் அனுப்பினார்கள். அடி விழும் என்று கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனேன். அவர் அடிக்கவில்லை. மூன்றாம் பாரத்துப் பரீட்சைத் தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார். மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் கூப்பிட்டு, உனக்கு இரண்டு வழி இருக்கிறது என்றார்.

ஒன்று, டபுள் புரமோஷன். ஜனவரியில் என்னை மூன்றாம் பாரத்தில் உட்கார வைப்பார்கள். சித்திரைக்கு முன் அந்த வகுப்புப் பரீட்சையில் தேறினால், ஜூனில் நாலாம் பாரம். ஒரு வருஷம் மிச்சம். இன்னொன்று, வகுப்பு மாறாமல் இருப்பது. என் பேர் இரண்டாம் பாரத்து ரிஜிஸ்தரிலேயே இருக்கும். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரலாம், மற்ற நேரத்தில் லைப்ரரியில் படிக்கலாம்.

"ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது. ஆழமாப் படிக்கலாம்" என்றார் ராமாமணி அம்மாள். எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது. கிணற்றுக்குள் ஆழமாகப் போவதைவிட ஊர் பார்க்கப் போகலாம் அல்லவா? இந்த வகுப்பு ரிஜிஸ்தரில் என் பேர் இன்னொரு நாள் இருந்தாலும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பெற்றவர் சம்மதம் வேண்டுமாம். காகிதம் உள்ளே வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தெய்வாத்தாள்


காரமடை.
தாது வருஷம் கார்த்திகை 18

அம்மணி தெய்வாத்தாளுக்கு அய்யன் ஆறுச்சாமி எழுதியது.

கடிதமும் காகிதமும் கிடைத்தன. கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ பெருக்கல் குறி போட்டிருக்கவே வேண்டியதில்லை, எனக்கு இடம் தெரியும்.

சீக்கிரம் முடிந்தால் நல்லதுதான். சத்தியமங்கலத்து அத்தைக்கும் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அவளுக்கும் சந்தோஷம் என்று பதில் வந்தது.

சந்தையில் நாலு பேரிடம் சொன்னேன். டபுள் புரமோஷன் என்று சொல்வதற்குள் நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது. கடைக்காரக் கருப்புசாமி, "ஏனுங் மாமா, அம்மணிக்குக் கவர்மென்ட்டு உத்தியோகமுங்களா?" என்றான். "இல்லீடா, ஒரு கிளாசத் தாண்டிக் குதிக்கிறா" என்றேன். "பாத்துங்க, காலு சுளுக்கிக்கப் போகுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பெருமைதான்.

பருத்தி இந்த வருஷம் பரவாயில்லை. உன் அம்மா ஈரத் தலையோடு படுக்காதே என்கிறாள்.

ஆறுச்சாமி


பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்.
17 ஜனவரி 1937

அன்புள்ள அய்யனுக்கு,

மூன்றாம் பாரத்தில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. முதல் செய்தி: ஜியாமெட்ரிப் பரீட்சையில் எனக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. பயப்படாதீர்கள். தாளைப் பார்த்து ஒரு மூச்சு அழுதேன். அழுது முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறதே என்று. இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள், நாற்பத்தொன்றுக்கு யாராவது சந்தோஷப்படுவார்களா என்று கேட்பாள்.

இங்கே எல்லோரும் தாவணி போட்டவர்கள். என்னைக் குட்டி என்கிறார்கள். மெஹராஜ் என்ற பெண்தான் பக்கத்தில் இடம் கொடுத்தாள். "இந்த வேகத்துல போனா எங்களுக்கு நீயே டீச்சரா வந்துடுவே போல. அப்ப அடிக்காத தாயே" என்றாள். வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் பாரம் முடித்து, காலேஜில் கணக்கு எடுத்துப் படித்து டீச்சராக வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுத்தில் சொல்வது சுலபமாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அத்தைக்குச் சந்தோஷம் என்று எழுதியிருந்தீர்கள். என்னை விடுதிக்கு அனுப்பியபோது, "பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்குங்கண்ணா இத்தன எழுத்து?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர் அத்தை. இப்போது எதற்குச் சந்தோஷம்?

தெய்வாத்தாள்


காரமடை.
தாது வருஷம் மாசி 17

அம்மணிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தேர் முடிந்தது. இனி எழுதாமல் இருக்க முடியாது.

உன்னை விடுதிக்கு அனுப்பிய அன்று அத்தை அழுதாளே, அப்போது நான் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். ரங்கநாதர் கோயில் வாசலில் நின்று, "நாலாம் பாரம் வரைக்கும் படிக்கட்டும் செல்லாத்தா. அப்பறம் அவ உன்ற ஊட்டுப் புள்ள" என்றேன். அவள் மகன் பாலுசாமிக்கு உன்னைக் கொடுப்பது என்பது நீ பிறந்த அன்றே பேச்சில் இருந்ததுதான். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நாலாம் பாரம் என்ற கணக்குத்தான் தெரியாது. நாலு வருஷம் கழித்து வருவதை இப்போதே சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்போது தேருக்கு வந்தவள், வந்ததும் வராததுமாக, "ஆனி மாசத்துல நாலாம் பாரமாமுங்களே? அப்ப நீங்க சொன்ன வரைக்கும் முடிஞ்சு போச்சுங்கண்ணா" என்றாள்.

"அதெப்படி முடியும்? நாலாம் பாரம் படிச்சு முடிக்கற வரைக்கும்னு சொன்னேன்" என்றேன்.

"முடிக்கற வரைக்கும்னு நீங்க சொல்லவே இல்லீங்க. நாலாம் பாரம் வரைக்கும்னீங்க. நாலாம் பாரம் வந்துருச்சு. ஊட்டுக்குக் கூட்டியாந்து, சமையல் வேலை பழகட்டும். கல்யாணத்த வயசு வந்து வெச்சுக்கலாம்."

இப்படியே இருவரும் வரைக்கும் வரைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் தேர் வீதியைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு கை பிடித்து இழுக்கக்கூட முடியவில்லை.

நீ படித்தவள். வரைக்கும் என்றால் நாலாம் பாரமும் உள்ளே சேர்ந்ததா, சேராததா? எழுது.

ஆறுச்சாமி


பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்.
6 மார்ச் 1937

அய்யனுக்கு,

தமிழ் ஐயாவிடம் கேட்டேன். வீட்டு விஷயம் என்று சொல்லவில்லை, சந்தேகம் என்று கேட்டேன். இரண்டு விதமாகவும் வழக்கில் உண்டு என்றார். ஆனால் அவர் சொன்ன உதாரணம் இது: காரமடை வரைக்கும் டிக்கெட் எடுத்தவர் காரமடை வந்ததும் இறங்கிவிட வேண்டும். அப்படியானால் அத்தை சொல்வதுதான் பக்கம். நீங்கள் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். பொய்யான இலக்கணம் எழுத என்னால் ஆகாது.

என் நியாயம் இலக்கணத்தில் இல்லை. நீங்கள் இரண்டு வருஷமாக என்னிடம் இதைச் சொல்லவில்லை. நான் காகிதம் அனுப்பியபோதாவது சொல்லியிருக்கலாம். பெருக்கல் குறி போட்ட இடத்தில் பேசாமல் கையெழுத்துப் போட்டு, அத்தைக்கு ஆளும் அனுப்பினீர்கள். நான் இங்கே ஒரு வருஷம் மிச்சம் பிடித்ததாகக் குதித்துக்கொண்டிருந்தேன். அது யாருக்கு மிச்சம்?

நீங்கள் என் படிப்பை வருஷத்தில் அளந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். வகுப்பில் அளந்துவிட்டீர்கள். நான் வேகமாகப் படிக்கப் படிக்க அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது. எங்கள் வகுப்பில் இரண்டு தடவை தவறிய பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு நீங்கள் அப்பாவாக இருந்து இதே வாக்கைக் கொடுத்திருந்தால், அவள் என்னைவிட மூன்று வருஷம் அதிகமாகப் படிப்பாள்!

பதினாலு வயதுக்கு முன் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதினாலு வயது வரைக்கும் வீட்டில் உட்கார வைக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. அத்தை அதைத்தான் கேட்கிறார்.

பாலுசாமி மச்சான்மேல் எனக்குக் கோபமில்லை. அவரை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

தெய்வாத்தாள்


காரமடை.
தாது வருஷம் பங்குனி 6

தெய்வாத்தாளுக்கு,

கார்டில் எழுதாமல் கவரில் எழுதினாயே, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். யாருக்கு மிச்சம் என்ற இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒரு வகுப்பைத் தாண்ட வேண்டும் என்று நானா கேட்டேன்? நீ கேட்டாய். இரண்டாவது வழிதான் நல்லது என்று அந்த அம்மாளே சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். நீ கேட்கவில்லை. இப்போது என்மேல் பாய்கிறாய்.

வாக்கைத் திருப்பி வாங்கு என்று எழுதிவிட்டாய். அது சந்தையில் வாங்கின காளையா, பல்லைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க? உன் அத்தைக்கு இருபத்திரண்டு வயதில் தாலி இறங்கியது. இங்கே வந்துவிடு என்று நான் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. பவானிக் கரையில் அந்தக் காட்டை உழுதுகொண்டு, கைக்குழந்தையோடு தனியாக நின்றாள். இத்தனை வருஷத்தில் அண்ணா என்று வந்து அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதைக் கொடுத்தேன். கொடுத்ததைப் பிடுங்க மாட்டேன்.

நீ டீச்சராக வேண்டும் என்று எழுதியிருந்ததையும் படித்தேன். பல தடவை படித்தேன்.

ஆறுச்சாமி


பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்.
11 ஏப்ரல் 1937

அய்யனுக்கு,

பரீட்சை முடிந்தது. நான் தவறிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன். தவறினால் மூன்றாம் பாரத்திலேயே இருக்கலாம் அல்லவா?

கணக்குத் தாளில் முதல் இரண்டையும் எழுதாமல் விட்டேன். மூன்றாவது ஒரு தொட்டிக் கணக்கு, இரண்டு குழாயில் தண்ணீர் வந்து ஒன்றில் வெளியே போவது. அதில் ஒரு குறுக்கு வழி தெரிந்தது. அதை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று போட்டேன். விடை சுத்தமாக வந்தது. அப்புறம் நாலாவது. மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது பார்த்தால், முதல் இரண்டையும் போட்டு முடித்திருந்தேன். சரித்திரத்தில் ஒரு வருஷத்தைத் தப்பாக எழுதினேன். அதையும் அடித்துத் திருத்திவிட்டேன். பிழை கண்ணை உறுத்துகிறது, அய்யா. வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறேன். என்னைவிட முட்டாள் இந்த விடுதியில் கிடையாது.

ராமாமணி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "பாஸான பெண்ணை நிறுத்தி வைக்கச் சொல்றியா? மேலிடத்துக்குப் பேர் எழுதி அனுப்பியாச்சு. என் ஸ்கூலைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். நான் அழவில்லை, நின்றேன். அவர் ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டே, டபுள் புரமோஷன் பெற்றவர் சம்மதத்தின் பேரில் கொடுத்தது, பெற்றவர் சம்மதத்தை வாபஸ் வாங்கி எழுதினால் ஜூனிலும் மூன்றாம் பாரத்திலேயே வைக்கலாம் என்றார். அந்த இரண்டாவது வழியும் இன்னும் இருக்கிறதாம். கணக்குக்கு ஐந்தாம் பாரத்தில் போய் உட்காரலாம் என்றார்.

ஆனால் ரிஜிஸ்தரில் என் பேருக்கு எதிரே 'நிறுத்தி வைக்கப்பட்டவள்' என்று எழுதுவார்கள். தவறியவர்களுக்கும் அதே சொல்தான். வேறு சொல் இல்லையா என்று கேட்டேன். இல்லையாம்.

நீங்கள் வாக்கைத் திருப்பி வாங்க வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதுங்கள் போதும். ஆனியில் நான் நாலாம் பாரத்தில் இருக்க மாட்டேன். நாலாம் பாரம் வராதபோது அத்தை எதைக் காட்டிக் கேட்பார்? நான் பெயில் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். தேறிய பரீட்சையில் பெயில் போடச் சொல்லிக் கெஞ்சுகிறேன். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது என்று இந்தக் காகிதத்தில் பேனா குத்திய ஓட்டையைப் பார்த்தால் தெரியும்.

அடுத்த வாரம் லீவு. நேரில் பதில் சொன்னாலும் சரி.

தெய்வாத்தாள்


பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்.
9 ஜூன் 1937

அய்யனுக்கு,

லீவில் ஏழு வாரம் வீட்டில் இருந்தேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் நீங்கள் காட்டுக்குப் போனீர்கள். ரயிலேற்றிவிடும்போதாவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். "தண்ணிக் கூசாவ மறந்துபோட்டியா கண்ணு?" என்று கேட்டீர்கள்.

பள்ளி திறந்துவிட்டது. நான் எந்த வகுப்பிலும் இல்லை. நாலாம் பாரத்தில் உட்கார்ந்தால் அந்த நிமிஷமே அத்தை கெலித்துவிடுவார். மூன்றாம் பாரத்தில் உட்கார உங்கள் வரி வரவில்லை. மூன்று நாளாக ஆபீஸ் ரூமுக்கு வெளியே பெஞ்சியில் இருக்கிறேன். போகிற வருகிற பெண்கள் எல்லாம் என்ன தப்பு செய்தாய் என்று கேட்கிறார்கள். மெஹராஜ் மட்டும் ஒன்றும் கேட்காமல் நாலாம் பாரத்துக் கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள்.

பதினெட்டாம் தேதி ரிஜிஸ்தரை மூடுவார்கள். உங்கள் வரி வராவிட்டால் நான் நாலாம் பாரம். அப்புறம் நீங்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

தெய்வாத்தாள்


காரமடை.
ஈஸ்வர வருஷம் ஆனி 2

கண்ணு தெய்வாத்தாளுக்கு,

உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளுக்கு இன்று தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். சம்மதம் வாபஸ். நானே எழுதினேன். வாபஸ் என்ற சொல்லை மட்டும் கருப்புசாமியிடம் கேட்டுக்கொண்டேன். அவனிடம் காரணமும் சொல்ல வேண்டியதாயிற்று. "அம்மணி பெயிலாயிருச்சுங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் அன்றைக்குப் போலச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நேற்றுச் சத்தியமங்கலம் போய் வந்தேன். ஊரார் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். வழியெல்லாம் சண்டை பிடிப்பாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். பெயில் என்றேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. "உடுங்கண்ணா. ஏனுங், புள்ளய அடிச்சுகிடிச்சுப் போட்டீங்களா? எம்பையனும் மூணாங் கிளாசுல ரண்டு வருசம் இருந்தவந்தானுங்களே. அவ மெதுவாவே படிக்கட்டும், நாங்க காத்திருக்கறமுங்க" என்றாள். கோழி அடித்துச் சாப்பாடு போட்டாள். உனக்கென்று ஒரு பாத்திரம் நிறைய வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். அதையும் அனுப்பியிருக்கிறேன்.

ரிஜிஸ்தரில் அப்படித்தானே எழுதுகிறார்கள், அதனால் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மனசில் ஏறவில்லை. பிறந்து இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் இது. உனக்காகச் சொன்னேன். இன்னொரு தடவை என்னால் ஆகாது.

படி.

ஆறுச்சாமி


பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்.
27 ஜூன் 1937

அன்புள்ள அய்யனுக்கு,

உங்கள் வரி பதினேழாம் தேதி வந்தது. மறுநாள் மூன்றாம் பாரத்தில், இரண்டாம் பாரத்தில் நான் விட்டுவிட்டு வந்த பெண்களோடு உட்கார்ந்தேன். டீச்சர் பேர் கூப்பிடும்போது 'நிறுத்தி வைக்கப்பட்டவள்' என்ற சொல்லையும் சேர்த்து வாசித்தார். முப்பது தலை என் பக்கம் திரும்பியது. மூன்றாவது மணி அடித்ததும் எழுந்து மாடிக்கு, ஐந்தாம் பாரத்துக்குப் போனேன். அங்கேயும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அல்ஜீப்ரா கஷ்டமாக இருக்கிறது. ராமாமணி அம்மாள் சொன்ன ஆழம் என்னவென்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. அவர் பேச்சை முதலிலேயே கேட்டிருக்கலாம். என் தப்பையும் எழுதிவிட்டேன்.

கச்சாயத்தை எல்லோருக்கும் கொடுத்தேன். நான் ஒன்று எடுத்து வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை, அய்யா. அத்தை என்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு, மக்கானாலும் பரவாயில்லை என்று சுட்ட கச்சாயம் அது. அவர் சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

அடுத்த ஜூனில் நாலாம் பாரம் வந்துதான் தீரும். அப்போது திரும்பவும் நீங்கள் சத்தியமங்கலம் போய் என்ன சொல்வீர்கள்? நீங்களும் அத்தையும் கோயில் வாசலில் பேசினீர்கள், தேர் வீதியில் பேசினீர்கள், இப்போது சோறு போட்டுப் பேசினீர்கள். எல்லாம் என்னைப் பற்றித்தான். மூன்று தடவையும் நான் அங்கே இல்லை.

ஆடி நோம்பிக்கு மூன்று நாள் லீவு. நான் நேராகச் சத்தியமங்கலம் போக வேண்டும். நான் பெயில் இல்லை என்று அத்தையிடம் சொல்ல வேண்டும். ஏன் அப்படிச் செய்தேன் என்றும், எத்தனை வருஷம் படிக்க ஆசைப்படுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். அவர் திட்டட்டும், அழட்டும், வேண்டாம் என்றே சொல்லட்டும். என் காதால் கேட்கிறேன்.

விடுதியில் தனியாக விட மாட்டார்கள். நீங்கள்தான் வந்து கூட்டிப் போக வேண்டும். கூட்டிப் போவது மட்டும்தான் உங்கள் வேலை. பேசுவது நான்.

தெய்வாத்தாள்